கிழக்கெல்லை: ஆறு

நில அளவைக்காரனுக்கு அதிகம் தொல்லை தருகிற எல்லை எது என்று கேட்டால், பக்கத்து வீட்டு வேலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலியை எப்படியும் பேசித் தீர்க்கலாம். கிராம அலுவலர் வருவார், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள், கொஞ்ச நேரம் சத்தம் போடுவார்கள், பிறகு பிளேன்டீ குடித்துவிட்டுக் கயிறு பிடிக்க விடுவார்கள். ஆறு எல்லையாக இருந்தால்தான் கரைச்சல். பழைய காணி உறுதிப் பத்திரங்களில் "கிழக்கு: ஆறு" என்று எழுதி முடித்திருப்பார்கள். எழுதிய நாளில் அந்த ஆறு எங்கே ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

வவுனியா வடக்கு, மாங்குளம், ஒட்டுசுட்டான், கிளிநொச்சி என்று இலங்கையின் வடக்கே வன்னி முழுக்க இந்தத் தொழிலோடுதான் அலைகிறேன். போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய பிறகு வந்த வேலைகளில் முக்கால்வாசி, காணாமல் போன எல்லைக்கல்லைத் தேடுவதுதான். சில கற்களைப் பற்றை மூடியிருந்தது. சிலவற்றை புல்டோசர் தள்ளியிருந்தது. ஆற்றங்கரைக் கற்களை ஆறே எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆறு ஏன் இப்படிச் செய்கிறது என்று தொழிலுக்காகக் கொஞ்சம் படிக்கத் தொடங்கி, இப்போது தொழிலுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே படித்துவிட்டேன். அதில் கொஞ்சத்தை இங்கே கொட்டப் போகிறேன்.

வன்னி ஆறுகளைக் கோடையில் பார்த்தவர்கள் அவற்றை ஆறு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏ9 வீதியால் ஆவணியில் பஸ்ஸில் போனால், பாலங்களுக்குக் கீழே மணலும் நாணலும், நிழலுக்கு ஒதுங்கிய மாடுகளும்தான் தெரியும். கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரப் பொடியன் ஒருவன் "இதுக்கேன் இவ்வளவு நீளப் பாலம்?" என்று கேட்டான். மார்கழியில் வந்து பார் என்றேன். வரவில்லை, அது வேறு கதை.

இங்கே வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை. பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். அந்த மாதங்களிலும் ஆறு கரைமுட்டி ஓடுவது சில நாட்கள்தான். கரையை வெட்டுவது, மணலைச் சுமப்பது, பள்ளத்தை நிரப்புவது, புது வழி பிடிப்பது எல்லாமே அந்தச் சில நாட்களுக்குள் நடக்கிற வேலை. மிச்சக் காலத்தில், அது செய்து வைத்ததை நாங்கள் செருப்போடு இறங்கி நடந்து பார்க்கலாம். எனக்கு இது வசதி. மகாவலி போன்ற பெரிய ஆற்றின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சுழியோட வேண்டும். கனகராயன் ஆற்றின் அடியில் நான் முக்காலியை நட்டு, குடையும் பிடித்து, ஆறுதலாக லெவல் எடுக்கலாம், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கலாம்.

ஆறுகள் எவை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வந்து இரணைமடுக் குளத்தில் விழுகிறது. மிஞ்சுவது கண்டாவளைப் பக்கத்தால் சுண்டிக்குளம் களப்புக்கு, அதாவது கடலோர உப்பங்கழிக்கு, போகிறது. பேராறு முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பிவிட்டுக் கிழக்கே நந்திக்கடல் களப்புக்குப் போகும். பாலியாறு வவுனிக்குளம் வழியாக மேற்குக் கடலுக்கு. தெற்கே அருவியாறுதான் பெரியது: 164 கிலோமீற்றர், இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளம். றிட்டிகலை மலைப் பக்கம் பிறந்து, அநுராதபுரத்தைக் கடந்து, அரிப்புக்குப் பக்கத்தில் கடலைச் சேர்கிறது.

வவுனியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடல்வரை ஓடுகிற ஆற்றுக்குக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் கிடைப்பதே பெரிய விஷயம். மலைநாட்டு ஆறுகள் செங்குத்தாக விழுந்து பாறையைக் கீழ்நோக்கி அறுக்கும். எங்கள் ஆறுகளுக்கு அந்த வலு கிடையாது. ஆனால் வெள்ளம் வருகிறபோது சக்தியை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். அதனால் பக்கவாட்டில் வெட்டுகின்றன. காணிக்காரருக்கு அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

மாங்குளத்துப் பக்கம் ஒரு அம்மாவின் காணி. காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அந்தக் காலத்தில் அவருடைய தகப்பனுக்குக் கிடைத்த பெர்மிற் காணி. ஆறு அந்த இடத்தில் வளைகிறது. அவருடைய காணி வளைவின் வெளிப்பக்கம். நான் போனபோது கரை நெடுஞ்சுவர்போல நேராக வெட்டுப்பட்டு நின்றது, என்னைவிட உயரம். எதிர்க்கரையில் வெள்ளை மணல் மெல்லச் சரிந்து, அகலமாகப் பரந்து கிடந்தது.

"அந்தா, அந்த மணலுக்கு நடுவிலதான் தம்பி முந்தி எங்கட தென்னை நிண்டது," என்றார். "இப்ப ஆறு இஞ்சால வந்திட்டுது. அவையளுக்கு மணல் குடுக்குது, எனக்கு ஒண்டும் இல்லை."

ஏன் வெளிக்கரையை வெட்டி உட்கரையில் கொட்டுகிறது என்று அவருக்குச் சொல்ல நான் பாவித்தது, அவர் தந்த தேநீர்க் கோப்பையைத்தான். வடிக்காத தேநீரைக் கரண்டியால் சுழற்றி விட்டால், தேயிலைத் தூள் சுழற்சியில் விளிம்புக்கு வீசப்பட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அது அடியில், நடுவில் போய்க் குவியும். மேலே இருக்கிற தண்ணீர் வேகமாகச் சுழன்று விளிம்பில் முட்டுகிறது. அடித் தண்ணீர் கோப்பையோடு உராய்ந்து வேகம் குறைகிறது. விளிம்பில் முட்டியது கீழே இறங்கி, அடியால் நடுவுக்குத் திரும்புகிறது, தூளையும் தள்ளிக்கொண்டு. ஆற்று வளைவிலும் இதே கதைதான். மேல்தண்ணீர் வெளிக்கரையில் முட்டி அதை அரிக்கும், கீழே புரண்டு, அடிமணலை உட்கரைப் பக்கம் தள்ளும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1926 இல் ஐன்ஸ்டீன் ஆறுகள் ஏன் வளைகின்றன என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதில் இந்தத் தேயிலைக் கதை வருகிறது. சார்பியல் எழுதிய அதே ஐன்ஸ்டீன்தான். அம்மாவுக்கு ஐன்ஸ்டீனில் பெரிய அக்கறை வரவில்லை. "அப்ப அது இன்னும் வருமோ?" என்று கேட்டார். வரும் அம்மா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டினால் வளைவு கூடும், வளைவு கூடினால் இன்னும் பலமாக முட்டும்.

வளைவுகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் லியோபோல்ட், வோல்மன் என்ற இரண்டு பேர் ஏராளமான ஆறுகளை அளந்து பார்த்தார்கள். இடமும் வலமுமாக முழு வளைவு ஒன்றின் நீளம், ஆற்றின் அகலத்தைப்போல ஏறத்தாழ 10 முதல் 14 மடங்கு வருகிறது. சின்ன ஓடையானாலும் மிசிசிப்பியானாலும் அப்படித்தான். நான் செய்மதிப் படத்தில் கனகராயன் ஆற்றின் மேல் சும்மா கோடு போட்டுப் பார்த்தேன், அதற்குக் கிட்டத்தான் வந்தது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை.

அந்த அம்மா சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "வெள்ளம் நிக்கேக்க ஒண்டும் நடக்கேல்லை தம்பி. கரைக்கு மேலால பாஞ்சது, நாங்கள் பயந்துபோய் இருந்தம். வத்தினாப் பிறகுதான், ராத்திரி, தொம் எண்டு விழுந்தது. விடியப் பாத்தா வேலியும் இல்லை."

முதலில் கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மிகச் சரியான அவதானிப்பு. வெள்ளம் கரைமுட்டி நிற்கிறபோது கரைமண் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடுகிறது. அதே நேரம் ஆற்றில் நிற்கிற தண்ணீர் அந்தக் கரையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. கரையின் அடியை ஏற்கெனவே அரித்தாயிற்று. மழை விட்டு ஆறு சட்டென்று இறங்கியதும் முட்டு போய்விடும், ஆனால் கரைக்குள் போன தண்ணீர் அவ்வளவு விரைவில் வடியாது. ஈரப் பாரத்தோடு, அடியும் இல்லாமல், முட்டும் இல்லாமல் நின்றால் விழத்தானே வேண்டும். விழுந்த மண்கட்டியை அடுத்த வெள்ளம் கரைத்துக்கொண்டு போகும். ஆகவே ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு புத்திமதி: தண்ணீர் வடிகிறதே என்று வேடிக்கை பார்க்க விளிம்புக்குப் போகாதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள்.

காணியின் ஒரு மூலையில் மட்டும் கரை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. காரணம் ஒரு மருத மரம். மருதின் வேர்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கி வலைபோட்டு மண்ணைப் பிடித்திருந்தன. இரண்டு பக்கமும் கரை போய், மரம் நின்ற இடம் மட்டும் மூக்குப்போல நின்றது. ஆற்றங்கரை மருதை வெட்டுகிறவனை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

வெட்டுப்பட்ட கரையின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கத்தியால் கீறியதுபோல் படைபடையாகத் தெரிந்தது. ஒவ்வொரு படையிலும் கீழே பரும்படி மணல், மேலே போகப் போகச் சன்ன மணல், கடைசியாகக் களிமண் மெல்லிய பூச்சாக. பிறகு மறுபடி பரும்படி மணல். வெள்ளம் வருகிறபோது வேகம். பரும்படி மணலை மட்டும் போடும். வேகம் குறையக் குறையச் சன்னமானது இறங்கும். கடைசியில் தேங்கி நிற்கிறபோது களி படியும். ஒரு படை ஒரு வெள்ளம் என்று எண்ணலாம். நெஞ்சளவு ஆழத்தில், இரண்டு படைகளுக்கு நடுவில், பாட்டா செருப்பு ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த மண் முழுக்க, அந்தச் செருப்பை யாரோ தொலைத்த பிறகு ஆறு கொண்டுவந்து போட்டது.

சரி, லெவலுக்கு வருகிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பொடியன்கள் ஆற்றங்கரையில் லெவல் எடுத்தால் ஒரு இடத்தில் கட்டாயம் குழம்புவார்கள். ஆற்றை நோக்கிப் போகப் போக நிலம் இறங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கரையோரம் உயரமாகவும், கரையை விட்டு வயல் பக்கம் போகப் போகத் தாழ்ந்து பதிவாகவும் வரும். "சேர், ஸ்டாஃப் வாசிச்சது பிழை போல," என்பார்கள், அளவுகோலைத்தான் சொல்கிறார்கள். பிழை இல்லை. வெள்ளம் கரை தாண்டிய உடனே புல்லிலும் பற்றையிலும் பட்டு வேகத்தை இழக்கிறது. கையில் இருக்கிற பாரமான மணலை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு, களியை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வெள்ளத்துக்கு வெள்ளம் இப்படிப் போட்டு, ஆறு தனக்குத்தானே வரம்பு கட்டிக்கொள்கிறது. எங்கள் சனத்துக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும்: கரைமேட்டில் தென்னையும் மாவும் வைப்பார்கள், பின்னால் களிப் பதிவில் நெல் விதைப்பார்கள்.

இதன் மறுபக்கம்தான் காணி வாங்க வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. ஆறு வற்றினாலும் வயலில் ஏறிய தண்ணீர் ஆற்றுக்குத் திரும்ப முடியாது, நடுவில் மேடு. ஆற்றிலிருந்து தூரமாக இருக்கிறதே, வெள்ளம் வராது என்று நம்பி அந்தப் பதிவில் அத்திவாரம் போட்டவர்கள் ஒவ்வொரு மாரியிலும் கட்டிலை உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். காணி பார்க்க ஆவணியில் வராதீர்கள், கார்த்திகையில் வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு லீவு ஆவணியில்தான் கிடைக்கிறது, என்ன செய்வது.

மணல் எங்கிருந்து வருகிறது? வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. புவியியலாளர்கள் இலங்கையின் அடிப்பாறையைப் பிரித்து, அதில் ஒரு பெரும் பிரிவுக்கு எங்கள் வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. மழையும் வெயிலும் பட்டு உக்கும்போது, அதிலுள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்லக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம் உக்காமல் மணியாக மிஞ்சும். அந்த மணிதான் மணல். யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அது தண்ணீரில் கரையும், மழையை உறிஞ்சி உள்ளே இழுக்கும். அதனால் மாரியில் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ள ஆறும் கிடையாது, ஆற்று மணலும் கிடையாது. வீடு கட்ட மணல் வேண்டுமென்றால் இங்கேதான் டிப்பர் அனுப்ப வேண்டும்.

எந்த வேகத்தில் எது நகரும் என்று 1935 இல் சுவீடனின் ஃபீரிஸ் ஆற்றை ஆராய்ந்து யூல்ஸ்ட்ரோம் என்பவர் ஒரு வரைபடம் போட்டார். கூழாங்கல்லைக் கிளப்ப அதிக வேகம் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் படிந்து இறுகிய களிமண்ணைக் கிளப்பவும் அதிக வேகம் வேண்டும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால். இலேசாக நகர்வது நடுத்தர மணல்தான். செக்கனுக்கு 20, 30 சென்ரிமீற்றர் ஓட்டமே அதற்குப் போதும். களி ஒருமுறை கிளம்பிவிட்டால் லேசில் படியாது. அதனால்தான் வெள்ளம் போய்ப் பல நாளுக்குப் பிறகும் குளத்துத் தண்ணீர் பால்தேநீர் நிறத்தில் நிற்கிறது.

மணலை வெறும் கட்டடப் பொருளாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆற்று மணலின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. மாரித் தண்ணீர் அதற்குள் இறங்கிக் கோடையிலும் கிடக்கும். ஆடி மாதத்தில் ஆற்று மணலில் பூவல் என்கிற சின்ன ஊற்றுக்குழி தோண்டிக் குடித்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடும் மரையும் யானையும்கூட மணலைக் கிண்டித்தான் குடிக்கின்றன. மணலை அள்ளி அடிக்களி தெரிய விட்டால் அந்தத் தண்ணீரும் இல்லை, பக்கத்துக் கிணறும் இறங்கும். அள்ளிய குழியில் அடுத்த வெள்ளம் விழுகிறபோது குழியின் மேல்விளிம்பு அரிபட்டு மேல்நோக்கி நகரும், கரையின் அடி வெறுமையாகும், பாலத்தின் தூண்கள் அடி தெரிய நிற்கும். பெர்மிற்றோடு அள்ளுவது, பெர்மிற் இல்லாமல் இரவில் அள்ளுவது என்ற வித்தியாசம் ஆற்றுக்குத் தெரியாது. இதைச் சொன்னதற்காக ஒரு தேநீர்க்கடையில் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் நான் அளந்து கொடுத்த காணிக்காரர்.

குளங்களையும் விட்டுவிட முடியாது. நூறு வருடமாக இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்து நிற்கிறது. ஓடிவருகிற தண்ணீர் குளத்தின் மேல்விளிம்பான அலைகரையில் நுழைந்ததும் வேகம் இழந்து, மணலை அங்கேயே போட்டுவிடும்; கோடையில் ஆறு வந்து நுழைகிற முனையில் நின்று பார்த்தால் விசிறிபோலப் பரந்த மணல்மேடு தெரியும். துருசு என்கிற மதகாலும் மிகைநீர் போகிற வான்கதவாலும் வெளியேறுகிற தண்ணீரில் மணல் கிடையாது. மணல் சுமக்காத தண்ணீருக்குச் சக்தி மிச்சம். அதனால் கீழே உள்ள படுக்கையையும் கரையையும் கூடுதலாக அரிக்கும். 2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கச் சனம் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அளக்கப் போனால், சில வயல்களில் வரம்பே காணவில்லை, சிலவற்றில் மணல் ஏறி விதைக்க முடியாமல் கிடந்தது. குளம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாரியில் காலபோகமும் கோடையில் சிறுபோகமும் விளைவது குளத்தால்தான்.

கடைசியாகக் கடல்வாய். நந்திக்கடல் என்று எழுதியதும் எங்கள் ஆட்களுக்கு 2009 இறுதிப் போர்தான் முன்னால் வந்து நிற்கும். எனக்கும்தான். அதை இன்னொரு நாள் எழுதலாம், எழுதாமலும் விடலாம். இங்கே மண்ணைப் பற்றி மட்டும். பேராற்றின் தண்ணீர் நந்திக்கடலில் தேங்குகிறது. அது கடலோடு சேர்வது வட்டுவாகலில். கோடையில் ஆற்றில் ஓட்டம் இல்லை, அலை மட்டும் ஓயாமல் மணலை ஒதுக்கும். வாய் மூடிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறி வயல்களைத் தொடத் தொடங்கினால், முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று கமக்காரர் நிற்பார்கள்; இப்போது வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் மறிப்பார்கள். கூட்டம் போடுவார்கள், அதிகாரிகள் வருவார்கள்.

வெட்டுவதென்று முடிவானால், முதலில் வேண்டியது ஒரு சின்ன வாய்க்கால்தான். களப்பு நீர்மட்டம் கடலைவிட உயர்ந்திருந்தால், தண்ணீர் அதற்குள் இறங்கியதும் மணலை இழுக்கும். இழுத்த அளவுக்கு வாய் அகலும். அகன்ற அளவுக்கு இன்னும் தண்ணீர் பாயும். மண்வெட்டியோடு இறங்கினவர்கள் வேலையை முடிக்கத் தேவையில்லை. நான் பார்த்த அன்று, காலையில் தாண்டிக் கடந்த வாய்க்காலைப் பின்னேரம் வள்ளம் இல்லாமல் கடக்க முடியவில்லை. அக்கரையில் நின்று வெட்டிய ஆட்கள் சைக்கிளை இக்கரையில் விட்டுவிட்டு, வட்டுவாகல் பாலத்தால் சுற்றி வந்தார்கள், வழி முழுக்க ஒருவரை ஒருவர் பேசிக்கொண்டு.